கிணறு இருக்கிறதா அம்மா?

சுவரை உடைத்துக்கொண்டு மெட்ரோ ஸ்டேஷனுக்குள் தலைகாட்டும் டிபிஎம்மைத்தான், அதாவது சுரங்கம் தோண்டும் இயந்திரத்தைத்தான், எல்லோரும் படம் எடுக்கிறார்கள். ஃபிளமிங்கோ, பெலிகன், நீலகிரி என்று பறவைப் பெயரும் மலைப் பெயரும் வைத்த இயந்திரங்கள். என்னைக் கேட்டால், சென்னையில் சுரங்கம் தோண்டுகிற வேலையில் பாதி, அவற்றை ஷாஃப்ட்டில் இறக்குவதற்கு முன்பே வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவதில் முடிகிறது.

இந்த ஊர் மண் ஒரே சீரானதல்ல. கடற்கரையை ஒட்டி மணலும் களியும். கிண்டி, பரங்கிமலைப் பக்கம் போகப்போக சார்னோகைட் பாறை. முழுக்கப் பாறை என்றால் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். முழுக்கக் களி என்றாலும் சமாளிக்கலாம். கீழ்ப்பாதி பாறை, மேல்பாதி இளகின மண் என்று கலந்து வரும் இடம்தான் வயிற்றைக் கலக்கும். கீழே கட்டர் பாறையைச் சுரண்டிக்கொண்டு நிற்கும். அதற்குள் மேலே இருக்கும் மண் வேண்டாத அளவுக்குச் சரிந்து உள்ளே வந்துவிடும். அதனால்தான் மண்ணை வெளியே எடுக்கும் ஸ்க்ரூ கன்வேயரின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் முகப்பு அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறோம். சுரங்கச் சுவரின் ஒரு ரிங் பொருத்தும் தூரத்துக்கு எவ்வளவு மண் வர வேண்டும் என்று கணக்கு உண்டு. கூடுதலாக வந்தால், மேலே எங்கோ பள்ளம் விழப்போகிறது.

மண் பரிசோதனைக்குப் போடும் துளைகள் இதில் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவில் மனிதன் தோண்டி மூடிய குழியை அவை காட்டாது.

மாம்பலம் பக்கம் ஒரு பழைய வீடு. "பழைய கிணறு ஏதாவது இருக்காம்மா?"

"அதெல்லாம் மாமனார் காலத்துலயே மூடியாச்சு தம்பி."

"எந்த இடத்துல?"

"துணி துவைக்கிற கல்லு இருக்கே, அதுக்குக் கீழதான்."

கல்லைப் புரட்டினால் கடப்பா பலகை. அதன் கீழே உடைந்த ஓடும் செங்கல்லும் போட்டு நிரப்பிய உறைக்கிணறு. அந்த இடிபாட்டின் சந்துகள் வழியாக மண்ணை இளக்க முகப்பில் செலுத்தும் காற்றும் ஃபோமும் மேலே ஏறிவிடும், அழுத்தம் நிற்காது. அதனால் சிமெண்ட் கலவை ஊற்றி முதலில் கிணற்றை அடைக்க வேண்டும்.

போர்வெல் வேறு ரகத் தலைவலி. சென்னையில் அது இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், ஆனால் அது எங்கே இருக்கிறது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் பெரும்பாலும் இருக்காது. பிவிசி குழாய் என்றால் கட்டர்ஹெட் நொறுக்கிவிடும். இரும்பு கேசிங் என்றால் சுற்றிக்கொள்ளும். டார்க், அதாவது முறுக்குவிசை, ஒரேயடியாக எகிறும், ஆபரேட்டர் கை தானாகப் பட்டனுக்குப் போகும். சில சமயம் குழாய் வழியே ஃபோம் பொங்கி யாரோ வீட்டு முற்றத்தில் சோப்பு நுரைபோல நிற்கும். இரவு இரண்டு மணிக்கு அந்த வீட்டுக்காரர் சத்தம் போடுவதில் தப்பே இல்லை. அவருக்கு வேறு இடத்தில் போர் போட்டுக்கொடுத்து, மோட்டார் இறக்கி, தண்ணீர் வரும் வரை சைட் ஆள் ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும்.