வேங்கடத்தின் அடிவாரத்தில் நான்கு நாள்

பிழைப்பின் பொருட்டு வெளியூர்களில் வாழும் நம்மவர்க்கு ஆண்டில் ஒருமுறை கிடைக்கும் விடுமுறை அருமையானது. ஊருக்குப் போய்வரும் வண்டிச் செலவே சேமிப்பில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். மிஞ்சியதைக் கொண்டு பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது? பெரும்பாலோர் சென்னையில் வாடகைக் கார் அமர்த்தி, விடியுமுன் புறப்பட்டுத் திருப்பதியை அடைந்து, வரிசையில் நின்று, இரவே திரும்பிவிடுகின்றனர். பணம் கரைகிறது, பிள்ளைகளின் நினைவில் நிற்பது அந்த வரிசை ஒன்றே. இங்கே செலவைக் கூட்டுவது தூரமன்று, அவசரமே. நான்கு நாள் ஒதுக்கினால் சிக்கனமாகவும் நிறைவாகவும் கண்டு வரலாம்.

சென்னையிலிருந்து திருப்பதி ஏறத்தாழ 150 கிலோமீட்டர். காட்பாடி வழியே வருவோர் சித்தூர், பாகாலா ஊர்களைக் கடந்து இரயிலிலேயே வந்து சேரலாம். இரயில் நிலையத்தின் எதிரே விஷ்ணு நிவாசம், பேருந்து நிலையத்தின் எதிரே ஸ்ரீநிவாசம் என்னும் தேவஸ்தான விடுதிகள் உள்ளன. முன்கூட்டியே பதிவு செய்துகொண்டால் தனியார் விடுதிகளைத் தேடி அலைய வேண்டுவதில்லை.

முதல் நாள் மலையேற்றம். அலிபிரியிலிருந்து படிகள் ஏறத்தாழ 3,550. சீனிவாச மங்காபுரத்தை அடுத்த ஸ்ரீவாரி மெட்டு வழியில் தூரமும் படிகளும் குறைவு. அலிபிரியில் ஒப்படைக்கும் மூட்டை முடிச்சுகளைக் கட்டணமின்றி மேலே சேர்ப்பிக்கின்றனர். 2023 ஆகஸ்டில் இப்பாதையில் சிறுத்தை தாக்கி ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி மாண்டாள். ஆகவே சிறுவருடன் ஏறுவோர் அப்போதைய நேரக் கட்டுப்பாட்டைக் கேட்டறிந்து, காலையிலேயே புறப்படுதல் வேண்டும். மலைமேல் 1985 முதல் நடைபெறும் அன்னதானத்தில் செல்வரும் ஏழையரும் ஒரே பந்தியில் அமர்கின்றனர். பொது தரிசனத்துக்குக் கட்டணமில்லை. கோயிலுக்கு அண்மையில் இயற்கையே செதுக்கிய பாறை வளைவாகிய சிலாதோரணத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

மறுநாள் நகரிலுள்ள கோவிந்தராசர் கோயிலுக்குச் செல்க. அங்கும் மலைக்கோயிலிலும் உள்ள பழங்கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை தமிழே. பல்லவர் குலத்துச் சாமவை என்னும் அரசி வெள்ளித் திருமேனி அளித்த செய்தியும் தமிழிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. வேற்று மொழிப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளை, “இங்கே ஏன் தமிழ்?” என்று வினவும். தமிழகத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் குறிப்பது இவ்வேங்கடத்தையே என்று அப்போது சொல்லலாம். 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சேர்ந்ததையும், 1960-இல் திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியதையும் சேர்த்துச் சொல்க. வீட்டில் ஒரு மொழியும் தெருவில் ஒரு மொழியுமாக வளரும் பிள்ளைகளுக்கு, தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் இந்த ஊர்க் கடைத்தெரு அயலாகத் தோன்றாது.

மூன்றாம் நாள் நகரப் பேருந்தில் சந்திரகிரி. தொலைவு 12 கிலோமீட்டர் அளவே. விசயநகர வேந்தர் தம் இறுதிக் காலத்தில் வீற்றிருந்த கோட்டை இது. மரமின்றிக் கல்லும் செங்கல்லும் சுண்ணமும் கொண்டு எழுப்பிய ராஜ மகால் இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. 1639-இல் சென்னையில் கோட்டை கட்ட ஆங்கிலேயருக்கு நிலம் அளித்தவர், இவ்வரசுக்குட்பட்ட நாயக்கத் தலைவர் ஒருவரே. மாலையில் அலிபிரிச் சாலையிலுள்ள அறிவியல் மையத்தில் பிள்ளைகள் தம்மை மறந்து விளையாடுவர்.

நான்காம் நாள் திரும்பும் வழியில் சித்தூரில் இறங்கி, 12 கிலோமீட்டர் அளவிலுள்ள காணிப்பாக்கம் விநாயகரை வணங்கலாம். கோயில்களை மிகுதியாகக் கண்டாயிற்று என்போர், மழைக்குப் பின்னான மாதங்களில் காட்டு நடுவே 270 அடி உயரத்தினின்று வீழும் தலக்கோனை அருவிக்குச் செல்வது நன்று.

பிரம்மோற்சவ நாட்களையும் வைகுண்ட ஏகாதசியையும் தவிர்த்துவிடுங்கள். 2025 சனவரியில் வைகுண்ட வாயில் தரிசனச் சீட்டுக்காகத் திரண்ட நெரிசலில் ஆறு பேர் உயிரிழந்தனர். குழந்தைகளோடு செல்வோர்க்குக் கூட்டமற்ற நாளே திருநாள். புறப்படுமுன் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக்களை ஒருமுறை நினைவூட்டுங்கள். பழங்கல்லில் ஓர் எழுத்தையாவது அவர்கள் அடையாளம் கண்டுகொண்டால், அந்த விடுமுறையில் செலவழித்த காசு வீண் போகவில்லை.