எந்த ஊர்க் கெளுத்தி?

மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பெயர் தெரியாத மீன் எது கிடைத்தாலும் அது அமேசானிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வோம். மேல்வீட்டுப் பையன் கொளத்தூர் கடையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் கொண்டுவந்த விரல்நீள மீனும் அந்த மரியாதையோடுதான் என் மேஜைக்கு வந்தது. "என்ன கேட் ஃபிஷ்னு பாருங்க அங்கிள். கோரிடோரஸா?"

கவரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்ததுமே கோரிடோரஸ் இல்லை என்று தெரிந்துவிட்டது. அந்தத் தென்னமெரிக்க மீனுக்கு விலாவில் இரண்டு வரிசை எலும்புத் தகடுகள், ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கியிருக்கும். பிளெக்கோ என்றால் வாய் அடிப்பக்கம் உறிஞ்சியாக இருக்கும். இதற்குத் தகடும் இல்லை, செதிலும் இல்லை. வழவழப்பான வெறும் தோல். மீசை நான்கு ஜோடி: மூக்கருகே ஒன்று, மேல்தாடையில் ஒன்று (இதுதான் நீளம்), கீழ்த்தாடையில் இரண்டு. முதுகுத் துடுப்புக்குப் பின்னால் முள்ளில்லாத சதைப்பற்றான கொழுப்புத் துடுப்பு. உடம்பின் நீளவாக்கில் மங்கலான கோடுகள், செவுளை அடுத்துத் தோளில் ஒரு கரும்புள்ளி.

பையனின் பாட்டி கண்ணாடியைக்கூடப் போடாமல் எட்டிப் பார்த்தார். "கெளுத்திக் குஞ்சுடா இது. இதைப் போயா காசு குடுத்து வாங்கினே?"

மீசையை எண்ணிப் புத்தகத்தைப் புரட்டி நான் எட்டிய இடத்துக்கு அவர் ஒரே பார்வையில் வந்துவிட்டார். மிஸ்டஸ் என்ற பேரினம் அது. சிக்கல் அதற்குப் பிறகுதான். கோடு போட்ட மிஸ்டஸ்களில் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி ஜாடை. விட்டாட்டஸா, டெங்காராவா என்று பிரிக்க வேண்டுமானால், கொழுப்புத் துடுப்பு முதுகுத் துடுப்பை ஒட்டித் தொடங்குகிறதா இடைவெளி விட்டா, தலை உச்சியில் ஓடும் பள்ளம் பிடரி எலும்பின் அடிவரை எட்டுகிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் சும்மா நிற்காத குஞ்சில் இதைப் பார்ப்பது லேசில்லை. கோடுகளை நம்பவே கூடாது. பயந்தால் வெளுக்கும், தரை கறுப்பாக இருந்தால் அழுத்தமாகும்.

இந்த இடத்தில் மீனை விட்டுவிட்டு ஊரைக் கேட்பதுதான் புத்திசாலித்தனம். விட்டாட்டஸை 1794இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் பெர்லின் மருத்துவர் பிளாக். மாதிரி மீன் கிடைத்த ஊர் தரங்கம்பாடி. அன்றைக்கு அது டேனிஷ்காரர்கள் வசம். அங்கே மிஷனரியாக இருந்த ஜான் என்பவர் பிளாக்குக்கு மீன்கள் அனுப்பிவந்தார். அந்த நன்றிக்குத்தான் ஒரு கடல்மீன் பேரினத்துக்கு ஜானியஸ் என்று பிளாக் பெயர் வைத்தார். டெங்காராவோ கங்கைக்கரைச் சரக்கு. கங்கை மீன்களைப் பற்றி 1822இல் ஹாமில்டன் வெளியிட்ட நூலில் வருவது.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் சாராயத்தில் ஊறவைத்து அனுப்பிய மீனுக்கு ஊர் இருக்கிறது. போன வாரம் வாங்கிய உயிர்மீனுக்கு இல்லை. கடைக்குப் போன் போட்டுக் கேட்டோம். "லோடுல வந்தது சார். கல்கத்தாவா இருக்கும். இல்லேன்னா இங்க செங்கல்பட்டுப் பக்கம் ஏரியில பிடிச்சதா இருக்கும்." எனக்குத் தேவைப்பட்ட ஒரே தகவலில்தான் அந்த 'இல்லேன்னா' வந்து உட்கார்ந்துகொண்டது.

இதில் பிளெக்கோ வளர்ப்பவர்கள் கெட்டிக்காரர்கள். புதுப்புது மீன்கள் விஞ்ஞானிகள் பெயர் வைக்கும் வேகத்தைத் தாண்டி வந்து இறங்கியபோது, 'டாட்ஸ்' என்ற ஜெர்மன் பத்திரிகை 1988இல் எல் என்ற எழுத்தோடு ஒரு வரிசை எண் கொடுக்க ஆரம்பித்தது. படம், எண், பிடித்த இடம். பிரேசிலின் ஷிங்கு ஆற்றுக் கறுப்பு வெள்ளை வரிமீனுக்கு 1991இல் முறையான பெயர் வந்த பிறகும் எல் 46 என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெயர் தெரியாது என்பதையே ஒழுங்காகக் குறித்துவைத்த ஏற்பாடு அது. நம் கெளுத்திக்கு அப்படி எண் போட யாருக்கும் தோன்றவில்லை. வெளிநாட்டு மீனுக்கு மட்டும்தான் பிறப்புச் சான்றிதழ் கேட்போம் போலிருக்கிறது.

இரண்டில் எது என்று நான் முடிவுகட்டவில்லை, மீன் வளரட்டும். ஆனால் எதுவானாலும் பையன் அன்றைக்கே செய்ய வேண்டிய காரியம் ஒன்றிருந்தது. அவன் தொட்டியில் இருப்பவை கப்பிகள். மிஸ்டஸ் இருட்டினபிறகு இரை தேடும். வாயில் நுழைகிற எதையும் விடாது. அதனால் வேறு தொட்டி. வலையால் பிடிக்க வேண்டாம் என்றேன்: முதுகிலும் பக்கத்திலும் உள்ள முட்களை விறைத்துப் பூட்டிக்கொள்ளும், பக்க முள்ளில் ரம்பப் பல் வேறு. வலைக்கண்ணில் மாட்டினால் நூலை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கையில் குத்தினால் நன்றாகவே கடுக்கும். டம்ளரைச் சாய்த்துத் தண்ணீரோடு அள்ளினான்.

"கடைக்கார அண்ணன், தொட்டி அடியில இருக்கிற அழுக்கெல்லாம் இது தின்னுடும்னாரே?"

தின்னாது. புழு, பூச்சி, இறால் குஞ்சு வாங்கிப் போடணும். அழுக்கை நீதான் எடுக்கணும்.