ஆறு தவணை

நம் குடும்பங்களில் பெண்ணின் உடலுக்கான செலவை இரண்டு கணக்குகளில்தான் எழுதுவார்கள். ஒன்று பிரசவம், இன்னொன்று ஆஸ்பத்திரி. இரண்டுக்கும் கடன் வாங்குவார்கள், நகையை அடகு வைப்பார்கள், முகம் சுளிக்க மாட்டார்கள். நோயும் இல்லை, வயிற்றில் பிள்ளையும் இல்லை, நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் உடலுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று கேட்டால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று வீட்டுக்குத் தெரிவதில்லை.

எங்கள் வீட்டில் இது நடந்த விதத்தைச் சொல்கிறேன். அம்மாவுக்கு 71 வயது. குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சைக்கும் பத்து நாள் படுக்கைக்குமாக ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம் ஆனது. தம்பிகளும் நானும் பங்கு போட்டுக் கட்டினோம். யாரும் கணக்குக் கேட்கவில்லை. எலும்பு மெலிந்து போயிருக்கிறது என்றார் மருத்துவர். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறையும், அதோடு எலும்பின் அடர்த்தியும் வேகமாகக் குறையும், நாற்பதுகளிலேயே எடை தூக்கிப் பழகினால் அந்தத் தேய்மானத்தைத் தள்ளிப்போடலாம் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அப்போது 44. வீட்டுக்கு வந்து ஜிம்மில் சேரப்போகிறேன் என்றதும், அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாய் திறக்காத அதே மனிதர்கள் கணக்குக் கேட்டார்கள்.

“எதுக்கு மைனி இந்த வயசுல? வீட்டு வேலையை ஒழுங்காப் பாத்தாலே போதாதா?” என்றாள் தம்பி மனைவி. அவள் என்னைக் கேலி செய்யவில்லை. அவளும் காலை ஐந்து மணியிலிருந்து நிற்கிறவள்தான். இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் ஒன்று எனக்கே தேவைப்பட்டது.

வீட்டு வேலை உழைப்பு என்பதில் சந்தேகமில்லை. 2019-இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களை அதற்குக் கொடுக்கிறார்கள். அதே வேலையைச் செய்கிற ஆண்கள் கொடுப்பது 97 நிமிடம். ஆனால், உடல் வலுப்பெற அதற்குக் கொடுக்கும் சுமை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும், நடுவில் ஓய்வும் வேண்டும். பாத்திரம் தேய்க்கும் கைக்கு இருபது வருடமாக ஒரே அசைவு, ஒரே சுமை, ஓய்வும் இல்லை. தோள்பட்டை வலிதான் மிச்சம். பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலியக்கமும், இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். நடைப்பயிற்சி முதல் பாதியைத் தரும். இரண்டாவது பாதிக்குத்தான் எடை வேண்டும்.

வகுப்பில் சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் வரும் வள்ளைப்பாட்டை நடத்தும்போது, உலக்கை போட்ட பெண்களுக்கு ஜிம் தேவைப்பட்டிருக்காது மேம் என்று ஒரு மாணவி சொன்னாள். எல்லாரும் சிரித்தோம். உலக்கை கனமானதுதான். ஆனால் எப்போது தூக்குவது, எப்போது இறக்கி வைப்பது என்பதை அவள் முடிவு செய்யவில்லை, உரலில் கிடந்த நெல் முடிவு செய்தது. எனக்கு வேண்டியது நானே தேர்ந்தெடுத்து, நானே இறக்கி வைக்கிற எடை.

சரி, எங்கே போவது? நான் அரசு கலைக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளர். முனைவர் பட்டம் பெயருக்கு முன்னால் இருக்கிறது, மே மாதச் சம்பளம் கிடையாது. வருடத்துக்குப் பதினொரு மாதம்தான் வரவு. பாளையங்கோட்டையில் நான் விசாரித்த ஜிம்களில் ஒன்று குளிரூட்டப்பட்ட பெரிய கூடம். ட்ரெட்மில்லுக்கு முன்னால் டிவி, ஆண்டுக்கு 18,000. பெண்களுக்கு மட்டுமான இன்னொன்று இருந்தது. அங்கே எடை தூக்கும் கம்பியே இல்லை. உடல் மெலிவதற்கான குலுக்கல்தான், அதற்கு மாதம் 2,000. மூன்றாவது, ஒரு மாடியில் இருந்த சின்ன ஜிம். ஃபேன் மட்டும்தான், ஆனால் இரும்பு எல்லாம் நல்ல இரும்பு. கட்டணப் பலகையில் இப்படி எழுதியிருந்தது: சேர்க்கை 500, மாதம் 1,200, மூன்று மாதம் 3,000, ஓராண்டு 7,200.

அந்தப் பலகையைப் படித்தால் விஷயம் புரியும். கையில் மொத்தமாக 7,200 வைத்திருப்பவருக்கு மாதம் 600 விழுகிறது. மாதா மாதம் பார்த்துப் பார்த்துக் கட்டுகிறவருக்கு வருடத்தில் 14,400, சேர்க்கைக் கட்டணம் தனி. இல்லாதவருக்கே இரட்டிப்பு விலை. சோப்பைச் சின்ன பாக்கெட்டில் வாங்குகிறவள் கிராம் கணக்கில் கூடக் கொடுக்கிற அதே வியாபாரம்தான். ஆண்டுக் கட்டணம் மலிவாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜனவரியில் மொத்தமாகக் கட்டிவிட்டு மார்ச்சில் வராமல் போகிறவர்களின் பணத்தில்தான் பல ஜிம்களின் வாடகை ஓடுகிறது. பெண்கள் அப்படி நின்றுபோவது பெரும்பாலும் சோம்பலால் இல்லை. பிள்ளைக்குப் பரீட்சை வரும், மாமியாருக்கு முடியாமல் போகும், கோயில் கொடை வரும். முதலில் வெட்டப்படுவது அவளுடைய அந்த ஒரு மணி நேரம்தான்.

அடுத்தது நேரம். “லேடீஸ் டைம் பதினொண்ணுலேருந்து ஒண்ணு வரைக்கும் மேடம்” என்றார் மாஸ்டர். அவருக்கு முப்பது வயது இருக்கும். “தம்பி, பதினோரு மணிக்கு நான் பத்துப்பாட்டு நடத்திக்கிட்டு இருப்பேன்” என்றேன். சம்பாதிக்கிற பெண்ணால் அந்த நேரத்தில் வர முடியாது. அந்த நேரத்தில் வர முடிகிற பெண்ணின் கையில் பெரும்பாலும் தன் பணம் என்று எதுவும் இருக்காது. காலை ஐந்தரையும் மாலை ஏழும் ஆண்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதாகப் பலகை எதிலும் எழுதியிருக்கவில்லை, ஆனால் நடைமுறை அதுதான். அந்த நேரங்களில் நாம் அடுப்படியில் இருப்போம் என்பதை எல்லாரும் முடிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

இலவச வழிகளையும் பார்த்தேன். வ.உ.சி. மைதானத்தில் நடக்கலாம், காசு வேண்டாம். பூங்காக்களில் இருக்கும் திறந்தவெளிக் கருவிகள் மூட்டை அசைக்க நல்லவை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை நம் உடல் எடையை வைத்தே இயங்குபவை, சுமையைக் கூட்ட வழியில்லை. 2016-க்குப் பிறகு பல கிராம ஊராட்சிகளில் அம்மா பூங்காவோடு உடற்பயிற்சிக் கூடமும் கட்டினார்கள். அப்படி ஒரு கூடம் இருக்கும் ஊரிலிருந்து வரும் மாணவி ஒருத்தியிடம் விசாரித்தேன். “சாவி பசங்ககிட்ட இருக்கும் மேம். நாங்க அந்தப் பக்கமே போறதில்ல” என்றாள். இலவசமாக இருந்தும் அவளால் அங்கே போக முடியவில்லை. சாவி யார் கையில் இருக்கிறது என்பதும் விலையில் சேர்த்திதான் என்று அன்றைக்குப் புரிந்தது.

தனியாகப் போனால் அந்த மாடி ஜிம்மின் பலகையில் ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது என்று தெரிந்தது. எங்கள் தெருவில் மகளிர் குழு நடத்துகிற ஓர் அக்கா இருக்கிறார், வீட்டில் தையல் போடுகிறவர். கட்டணப் பலகையைப் பற்றி அவரிடம் சொன்னபோது, “இது சீட்டு மாதிரிதானட்டி. ஆள் சேத்துட்டா முடிஞ்சுது” என்றார். இரண்டு வாரத்தில் ஆறு பேர் சேர்ந்தோம். அந்த அக்கா, ஒரு செவிலியர், எங்கள் கல்லூரி நூலக உதவியாளர், ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை, ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண், நான். ஜவுளிக்கடைப் பெண்ணுக்குத்தான் கால்வலி அதிகம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. அவள் கடையில் ஸ்டூல் வந்துவிட்டது, உட்காரத்தான் நேரம் வரவில்லை.

மாஸ்டரிடம் கணக்கை வைத்தோம். ஆறு பேருக்கு ஓராண்டுக் கட்டணம் 43,200. அதை ஆறு மாதத்தில், மாதம் 7,200 வீதம் கட்டுவோம். தலைக்கு 1,200, ஆறு தவணை. அதன் பிறகு ஆறு மாதம் கட்ட வேண்டியதில்லை. சேர்க்கைக் கட்டணம் கிடையாது. ஒருத்தி ஒரு மாதம் தவறினால் மற்ற ஐந்து பேரும் பொறுப்பு. ஒருத்தி நின்றுவிட்டால் மிச்ச மாதங்களை அவள் கைகாட்டும் வேறு பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும். நேரம், வாரம் மூன்று நாள் காலை ஐந்தரை. அவர் தயங்கியது பணத்துக்கு இல்லை. “அந்த டைம்ல பசங்க இருப்பாங்களேக்கா” என்றார். “இருக்கட்டும் தம்பி, எங்க வீட்டுலயும் இருக்காங்க” என்றார் தையல் அக்கா. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். நவம்பரில் தொடங்கினால் கடைசித் தவணை ஏப்ரலில் முடியும், சம்பளமில்லாத மே மாதத்தில் எனக்குச் செலவு இருக்காது. மாதத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான்.

பணம் கட்டுவதற்கு முன்னால் நாங்கள் கேட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன், மாணவிகளுக்குப் பயன்படும். கழிப்பறை இருக்கிறதா, அதற்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? கேமரா எங்கெங்கே இருக்கிறது? மற்றவர்கள் செல்போனில் வீடியோ எடுப்பதைத் தடுக்கிறார்களா? சொல்லிக்கொடுக்கும்போது தொடாமல் சொல்லிக்கொடுக்க முடியுமா, தொட வேண்டுமென்றால் கேட்டுவிட்டுத் தொடுவார்களா? தனிப் பயிற்சியாளர் வைத்தே ஆக வேண்டுமா? அவருக்கான பணம்தான் பல இடங்களில் ஜிம் கட்டணத்தைவிடப் பெரியது. ரசீதில் வரி எவ்வளவு? 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் கட்டணத்துக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆயிரம் ரூபாய்க்கு 180 கொடுத்த இடத்தில் இப்போது 50. பழைய கணக்கிலேயே யாராவது வரி கேட்டால் ஜி.எஸ்.டி. எண்ணோடு ரசீது கேளுங்கள். இன்னொன்று, டவுன் பஸ் போகிற வழியில் இருக்கும் ஜிம்மாகப் பாருங்கள். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் நமக்கு டிக்கெட் இல்லை. ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டியிருந்தால் மலிவான ஜிம்மும் மலிவாக இருக்காது.

உடைக்கு நான் செலவு செய்யவில்லை. பழைய சுடிதார், துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிடுவேன். காலணிக்கு மட்டும் 900. முதல் வாரம் இரண்டரைக் கிலோ டம்பெல். கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு எடை தூக்கக் கூச்சமாக இருந்தது. சுவரெல்லாம் ஆண்களின் படங்கள். 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் எடை தூக்கிப் பதக்கம் வாங்கினாரே கர்ணம் மல்லேஸ்வரி, ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண், அவர் படம் கூட இல்லையா தம்பி என்று கேட்டேன். மாஸ்டர் அடுத்த வாரம் தேடி ஒட்டினார். பையன்கள் முதலில் விலகிப் போனார்கள், பிறகு பிளேட் மாற்ற உதவ வந்தார்கள், அதற்கும் பிறகு கண்டுகொள்ளாமல் இருந்தார்கள். எங்களுக்குப் பிடித்தது அந்தக் கடைசி நிலைதான்.

வீட்டில் காலைச் சமையல் தகராறு ஒரு மாதம் ஓடியது. மாவு இருக்கிறது, கல் இருக்கிறது, ஆறே முக்காலுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போவேன். இப்போது அவரே தோசை வார்க்கிறார். வட்டம் வருவதில்லை, சாப்பிட முடிகிறது. நான்காவது மாதம் தரையிலிருந்து முப்பது கிலோவை ஒழுங்காகத் தூக்கினேன். வீட்டு கேஸ் சிலிண்டரில் எரிவாயு 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் ஏறக்குறைய அதே முப்பதுதான். அன்றைக்குச் சிலிண்டரை நானே நகர்த்தி வைத்தேன். யாரும் கவனிக்கவில்லை.

ஏப்ரலில் கடைசித் தவணை கட்டியாயிற்று. ஆறு பேரில் ஐந்து பேர் தொடர்கிறோம். நூலக உதவியாளரின் மாமியார் படுக்கையில் விழுந்துவிட்டார். பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை, அவரால் வர முடியவில்லை. அந்த வீட்டில் இரண்டு மகன்கள் இருக்கிறார்கள் என்பதை நாங்கள் அவரிடம் சொல்லிப் பார்த்தோம். அதை மாற்ற எங்கள் ஒப்பந்தத் தாளில் இடமில்லை. ஆனால் மிச்ச மாதங்களை வேறு பெண்ணுக்குக் கொடுக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. இப்போது அவர் மகள், பி.ஏ. இரண்டாமாண்டு படிக்கிறவள், ஐந்தரைக்கு எங்களோடு வருகிறாள். அவளுடைய கல்லூரியிலும் உடற்கல்வித் துறைக்கு ஒரு ஜிம் அறை இருக்கிறது, பூட்டியே கிடக்கிறது. வாரம் இரண்டு நாள் மாணவிகளுக்குத் திறந்துவிடச் சொல்லி விண்ணப்பம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறாள். நேற்று வரை 41 கையெழுத்து சேர்ந்திருக்கிறது.