வாயை உலர்த்தும் ஊசி

அறுவை சிகிச்சைக்கு முன் போடப்படும் ஊசிகளில் ஒன்று கிளைகோபைரோலேட். மில்லிக்கு 0.2 மில்லிகிராம் மருந்து. பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். தூங்க வைக்காது, வலியையும் குறைக்காது. எச்சிலையும் சளியையும் வற்ற வைத்து, சுவாசக் குழாய் செருகுகிற தொண்டையை உலர்வாக வைத்திருக்கும். இதயத் துடிப்பு சட்டென்று இறங்கிவிடாமலும் காக்கும். நரம்பு முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலின் போய் ஒட்டும் இடங்களை இம்மருந்து முந்திக்கொண்டு அடைத்துவிடுகிறது.

சிதம்பரத்தில் ரயில் பாதைக்குக் கிழக்கே அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி, மேற்கே நடராசர் கோயில். இந்த ஊசியின் பூர்வீகத்தைத் தேடிய எனக்கு இரண்டு பக்கமும் போக வேண்டியிருந்தது. நடராசர் சடையில் பிறை, கங்கை, பாம்போடு ஊமத்தம் பூவும் உண்டு. தேவாரம் அதை மத்தம் என்கிறது. தேவாரம் பாடியவர்களில் ஒருவரான, கடலூர் மாவட்டத்துத் திருவாமூரில் பிறந்த அப்பர் 7-ஆம் நூற்றாண்டுக்காரர். ஊமத்தை இனத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம் என்பது தாவரவியலார் கருத்து. அப்படியானால் கொலம்பசுக்கு முன்பே அது இங்கே எப்படி வந்தது? பழைய இந்திய நூல்களையும் சிற்பங்களையும் சான்று காட்டி, முன்பே இருந்தது என்று ஆய்வாளர்கள் கீதா, கரைபே இருவரும் 2007-இல் எழுதினார்கள். வந்த வழி மட்டும் இன்னும் புதிர்தான்.

ஊமத்தையின் பெயரிலேயே மருந்தியல் இருக்கிறது. உன்மத்தம் என்றால் பித்து. முள் காயைப் பிளந்து விதையைத் தின்றவருக்கு வாய் உலர்ந்து, கருவிழியின் பாவை விரிந்து, பேச்சு பிதற்றலாகும், உயிரும் போகலாம். காரணம் அதிலுள்ள அட்ரோபின், ஸ்கோபாலமின் வகைச் சரக்குகள். ஊமத்தையின் ஐரோப்பிய உறவான பெல்லடோனாவின் வேரிலிருந்து 1831-இல் ஜெர்மன் மருந்தாளர் மைன் அட்ரோபினைப் பிரித்தெடுத்தார். அந்நாளில் மயக்கத்துக்குக் கொடுத்த ஈதர் தொண்டையை உறுத்தி எச்சிலை ஊற்றெடுக்க வைத்ததால், அட்ரோபின் முன்னூசி வழக்கமாயிற்று. இன்றைய மயக்க மருந்துகள் அவ்வளவு உறுத்துவதில்லை. எல்லோருக்கும் இத்தகைய முன்னூசி போடுவதும் குறைந்துவிட்டது.

அட்ரோபினைப் போலவே வேலை செய்யும் கிளைகோபைரோலேட் செடியிலிருந்து வந்ததல்ல, ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 1961-இல் அமெரிக்காவில் வயிற்றுப்புண் மாத்திரையாகத்தான் விற்பனைக்கு வந்தது. மின்னேற்றம் கொண்ட மூலக்கூறு என்பதால் மூளைக்குள் எளிதில் நுழையாது. வயதானவர்களுக்கு அட்ரோபினால் வரக்கூடிய குழப்பம் இதில் குறைவு.

கண்ணில் நீர் அழுத்தம், புராஸ்டேட் வீக்கம், சிறுநீர் அடைப்பு, குடல் அடைப்பு, படபடப்பு, மயஸ்தீனியா என்ற தசைச் சோர்வு நோய் இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சாப்பிடும் மாத்திரைகளையும் காட்ட வேண்டும்.

தசையில் போட்டால் அரை மணிக்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். பக்கத்தில் இருக்கும் உறவினர் இரக்கப்பட்டு ஒரு மடக்குத் தண்ணீர் கொடுப்பதுதான் ஆபத்து: வயிற்றில் உள்ளது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். நர்ஸைக் கேட்டு ஈரத் துணியால் உதட்டை நனைக்கலாம். வாய் வறட்சி ஏழு மணி நேரம்வரை நீடிக்கும். பார்வை மங்கலாக இருக்கும்வரை வண்டி ஓட்டக் கூடாது. சிறுநீர் பிரியாவிட்டாலோ, கண் சிவந்து வலித்தாலோ உடனே சொல்ல வேண்டும். வியர்வையும் குறையும், கடலூர் அக்னி நட்சத்திர வெயிலில் அன்று வெளியே சுற்றினால் உடம்பு கொதித்துவிடும்.