கேமராவுக்குப் பின்னால் நம் பெண்கள்

பாரிவாக்கத்தில் வாழும் நமக்குச் செம்பரம்பாக்கத்துப் படப்பிடிப்புத் தளம் அதிகத் தொலைவில் இல்லை. நம் பெண் பிள்ளைகளுக்கோ அது எட்டாத இடம். திரைப்படங்கள் முஸ்லிம்களைத் தவறாகச் சித்திரிக்கின்றன என்று வருந்துகிறோம். நம் வாழ்வை அறிந்த மகள் படமெடுக்க விரும்பினால் மட்டும் தயங்குகிறோம்.

அண்டை மாநிலமான கேரளத்தில், அரசுத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களின் படங்களைத் தானே தயாரிக்கிறது. அவ்வாறு உருவான சிவரஞ்சினியின் ‘விக்டோரியா’, 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடந்த பன்னாட்டுத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அறிமுக மலையாள இயக்குநருக்கென உலகத் திரைத் திறனாய்வாளர் கூட்டமைப்பு வழங்கும் விருதும் அவருக்குக் கிடைத்தது. பொருளுதவியால் படம் உருவாயிற்று. விழாவால் அது பிறர் பார்வைக்கு வந்தது.

திரையரங்குகளே இல்லாதிருந்த சவூதியில், ஹைஃபா அல் மன்சூர் தெருக்காட்சிகளை வேனுக்குள் அமர்ந்தே இயக்கி ‘வஜ்தா’வை எடுத்தார். 2012இல் வெனிஸ் விழா அதற்கு இடமளித்தது.

விழாக்கள் கதவைத் திறக்கலாம். அதுவரை நம் மகள் சென்றடைய, முதல் ஒப்புதல் வீட்டில்தான் கிடைக்க வேண்டும். அவள் கைப்பேசியில் எடுத்த சிறு படத்தைக் குடும்பமாக அமர்ந்து பார்ப்போம். குறைநிறைகளை அன்போடு சொல்வோம். அதற்கான மனவிரிவை வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக.