எந்தப் பட்டி?

வட்டாரச் சொற்களைத் தொகுக்கிற எனக்கு, நாமக்கல் பக்கத்தில் அதிகம் வேலை வைக்கிற சொல் 'பட்டி'. ஒரு சீட்டில் அடங்காது.

படல் கட்டி ஆடுகளை அடைத்தால் அது பட்டி. காட்டுக்கு எருவும் ஆச்சு. எருமப்பட்டி என்ற ஊர்ப்பெயரில் அந்தத் தொழுவ வாடை இன்னும் இருக்கிறது. காளப்பநாயக்கன்பட்டியில் ஆளின் பெயர் வந்துவிட்டது. அங்கே பட்டி வெறும் ஊர். கன்னடத்திலும் 'பட்டி' தொழுவமும் சிற்றூரும்தான். இவை ஒரே குடும்பம், சந்தேகமில்லை.

முட்டை லோடு ஏற்றிய லாரி வாளையாறு தாண்டிக் கேரளத்துக்குள் நுழைந்ததும், மலையாளத்தில் பட்டி நாயாகிவிடுகிறது. எருமப்பட்டிக்கார ஓட்டுநர் அங்கே ஊர்ப்பெயர் சொல்லும்போது கொஞ்சம் நிதானிக்கத்தான் வேண்டும். பட்டியைக் காப்பதால் நாய்க்கு அந்தப் பெயர் என்று விளக்கம் சொல்ல ஆசையாக இருக்கும். சுவையான விளக்கம் சான்றாகாது. அதை நான் சீட்டில் ஏற்றுவதில்லை.

லாரி பாடி கட்டும் பட்டறையில் கேட்கிற பட்டி வேறு. "பட்டி பார்த்தாச்சா?" என்றால் தகட்டின் நெளிவில் பசையை இழுத்துப் பூசி, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்தாயிற்றா என்று பொருள். இது ஆங்கிலப் 'புட்டி'. அதன் மூலம் பிரெஞ்சு 'பொத்தே', அதாவது ஒரு பானை கொள்ளுமளவு. பானையில் கிடந்த மெருகுத் தூளுக்கு அந்தப் பெயர் ஆகி, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது வெள்ளீயத் தூளைக் குறித்தது. சன்னல் கண்ணாடியை ஒட்டும் பசையானது பிறகு.

வேடிக்கை என்னவென்றால், இந்தியாவும் ஆங்கிலத்துக்கு ஒரு பட்டியைக் கொடுத்திருக்கிறது. துணிப்பட்டையைக் குறிக்கும் இந்தி 'பட்டி'தான், முதல் உலகப்போரில் சிப்பாய்கள் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை சுற்றிய 'புட்டீ'. அந்த இந்திச் சொல்லுக்கு வடமொழி மூலம் உண்டு. நம் ஆட்டுப்பட்டிக்கும் அதற்கும் முடிச்சுப் போடுவது வீண் வேலை.

ஒலி ஒன்றாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் ஒரே தலைச்சொல்லின் கீழ் அடுக்குவது அகராதிக்காரர் செய்யக்கூடாத சோம்பேறித்தனம். வேர் வேறானால் பதிவும் வேறாக வேண்டும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் ஒலியொத்த சொற்களைப் பிரித்துத் தந்திருப்பதை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

சொல் அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வேர் எழுதி அனுப்ப வேண்டாம். யார், எந்த வேலையில், எந்த வாக்கியத்தில் சொன்னார் என்பதை மட்டும் எழுதுங்கள்.