ஈரம் பார்த்துப் பாவிய தரை

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1950களில் கட்டிய ஒற்றைமாடி வீடு அது. வரவேற்பறைக் கம்பளத்தை உரித்தெடுத்தபோது, கீழே அந்தக் காலத்து ரெட் ஓக் தரை அப்படியே இருந்தது. இரண்டேகால் அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம். சுவரோரம் கம்பளத்தைப் பிடித்திருந்த ஆணிகளின் துளைகள், யன்னலடியில் தண்ணீர் பட்டுக் கறுத்த ஒரு திட்டு. அதைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"முதல் வந்து பாத்த ஆக்கள் இதைக் கழட்டி எறியச் சொல்லிச்சினம் தம்பி," என்றார் வீட்டுக்கார அம்மா.

"எறியிறதோ? இன்னும் ரெண்டு மூண்டு தரம் தேய்க்கலாம் அம்மா. கனம் கிடக்கு."

சொன்னவர் வேலைக்குத் தலைமை தாங்கிய அண்ணை. வடமராட்சியில் தச்சு பழகி, ரொறன்ரோவில் தரை வேலைக்கு வந்தவர். கூட இரண்டு இளைஞர்கள். 1983க்குப் பின் ஈழத்திலிருந்து வந்து இந்த நகரில் குடியேறிய தமிழர்களில் பலர் கட்டட வேலைகளில் கால் ஊன்றினார்கள். தரை வேலையும் அவற்றில் ஒன்று. முழங்கால் உறையைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கக் குந்தியும் தவழ்ந்தும் செய்கிற வேலை. அதைக் கிட்டப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

வரவேற்பறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்தாயிற்று. பழைய தரை சமையலறை வரைக்கும் நீள வேண்டும். அம்மாவுக்குக் கடையில் பார்த்த 5 அங்குல வைட் ஓக் பிடித்திருந்தது. கடைக்காரர்கள் முதலில் காட்டுவது ஜாங்கா கடினத்தன்மை எண்ணை: கறுப்பு வால்நட் 1010, ரெட் ஓக் 1290, வைட் ஓக் 1360, மேப்பிள் 1450. அந்த எண்ணுக்கு அளவுக்கு மீறிய மரியாதை கொடுக்கப்படுகிறது என்பது என் எண்ணம். சப்பாத்தில் ஒட்டி வரும் மணல் முதலில் கீறுவது மேற்பூச்சைத்தான், மரத்தை அல்ல. இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: பழைய தரையோடு எது சேரும்?

அதைக் காட்ட அண்ணை ஒரு பழைய ஓக் துண்டை எடுத்து, ஒரு முனையில் சவர்க்கார நீரைத் தடவி, மறுமுனையில் வாய் வைத்து ஊதினார். நுரை குமிழ் குமிழாக எழும்பியது. ரெட் ஓக்கின் துளைகள் திறந்தவை. காற்று ஊடுருவிப் போகும். வைட் ஓக்கில் அந்தத் துளைகள் இயற்கையாகவே அடைபட்டிருக்கும். வைன் பீப்பாய் ஒழுகாமல் நிற்பது அதனால்தான். இரண்டின் நிறமும் வேறு. ரெட் ஓக்கில் இளஞ்சிவப்பு ஓடும். அம்மா இரண்டேகால் அங்குல ரெட் ஓக்குக்கே சம்மதித்தார்.

சமையலறையில் இன்னொரு தடை இருந்தது. பழைய லினோலியத்துக்குக் கீழே 9 அங்குலச் சதுர ஓடுகள். அந்தக் காலத்து ஓடுகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். ஒன்ராறியோவின் 278/05 ஒழுங்குவிதி, அஸ்பெஸ்டஸில் கை வைக்கும் தொழிலாளர்களின் பாதுகாப்புக்காகவே இயற்றப்பட்டது. ஆய்வுகூட முடிவு வரும்வரை ஒருவரையும் அவற்றில் கை வைக்க அண்ணை விடவில்லை. "பொடியளுக்கு வயசு கிடக்கு," என்றார். முடிவு சாதகமாக வந்த பிறகே ஓடுகளைக் கிளப்பினார்கள்.

பிறகு பலகை வந்து இறங்கியது. பெட்டிகளைப் பிரித்து, காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்டு அடுக்கினார்கள். வேலை தொடங்கும் என்று நினைத்தேன். அவர் எடுத்ததோ இரண்டு ஊசி முனைகள் நீட்டிய ஈரமானி. புதுப் பலகையில் 12 சதவீதம். கீழே ஒட்டுப்பலகைத் தளத்தில் 7.

"இண்டைக்கு ஆணி அடிக்க ஏலாது."

3 அங்குலத்துக்குக் குறைந்த பலகைக்கும் கீழ்த்தளத்துக்கும் ஈர வித்தியாசம் 4 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அகலப் பலகை என்றால் 2. ரொறன்ரோவில் பனிக்காலம் முழுக்கச் சூடாக்கி ஓடி வீட்டுக் காற்றை உலர்த்திவிடும். ஈரம் 4 சதவீதம் இறங்கினால், இரண்டேகால் அங்குல ரெட் ஓக் பலகை ஒவ்வொன்றும் சுமார் 0.8 மில்லிமீட்டர் ஒடுங்கும். 5 அங்குலப் பலகை என்றால் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர். அவசரப்பட்டுப் பாவிய தரையில் தை மாதம் ஒவ்வொரு மூட்டும் வாய் திறப்பது இதனால்தான்.

காத்திருந்த நாட்களிலும் அவர் காலையில் வந்து பலகையில் ஊசியைக் குத்திப் பார்த்துவிட்டுப் போனார். ஈரம் 9க்கு வந்த பிறகுதான் ஆணி அடிக்கும் கருவியின் கம்ப்ரசர் ஓடத் தொடங்கியது.

புதியதைப் பழையதோடு இணைக்கும் இடத்தை நேர்கோடாக விடவில்லை. பழைய பலகைகளை ஒன்றுவிட்டு ஒன்று, வெவ்வேறு நீளத்தில் வெட்டியெடுத்தார்கள். நடுவில் வாளோட்டி, உளியால் பிளந்து, பக்கத்துப் பலகையின் விளிம்பில் நீட்டிய நாக்கு உடையாமல் துண்டு துண்டாகக் கிளப்புகிற நுட்ப வேலை. அந்த இடைவெளிகளில் புதுப் பலகைகளை, இரு கைவிரல்களைக் கோத்தது போல, ஏற்றினார்கள். கடைசித் துண்டு பக்கவாட்டில் ஏறாது. அதன் பள்ளத்தின் கீழுதட்டைச் சீவி, பசை தடவி, மேலிருந்து இறக்கினார் அண்ணை. மற்ற இடங்களில் 8 முதல் 10 அங்குலத்துக்கு ஓர் ஆணி, நாக்கின் மேல் சாய்வாக. சுவரோரம் மரம் விரிய இடம். அதை மூடப் பிறகு மரச்சட்டம்.

தேய்ப்பு நாளில் உருளை இயந்திரத்தைத் தொட்டவர் அவர் ஒருவர்தான். இயந்திரம் நகரும்போதே உருளை தரையைத் தொட வேண்டும், நகரும்போதே தூக்க வேண்டும். ஒரு கணம் நின்றால் அலை விழும். 36ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி, 60, 80 என்று மென்மைப்படுத்தி, கடைசியில் 100. தூசியை உறிஞ்ச இயந்திரம் இருந்தது. அதற்கு மேல் மூவரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள். மரத்தூசி மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. மூக்கினுள் வரும் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு உண்டு. முகக்கவசம் இல்லாமல் தேய்ப்பவர்களை இன்றும் பார்க்கலாம். தூசிப் பையை மாலையில் வீட்டுக்குள் வைக்க விடாமல் வெளியே கொண்டுபோய்க் கொட்டச் சொன்னார் அண்ணை. பழைய பூச்சு கலந்த மரத்தூள் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.

எண்ணெய் சார்ந்த பொலியுரித்தேன் தேன் நிறம் கொடுக்கும், மெல்லக் காயும். நீர் சார்ந்தது நிறம் மாற்றாது, சில மணி நேரத்தில் அடுத்த பூச்சுக்குத் தயாராகும். புதுப் பலகை பழையதைவிட வெளிறியிருந்ததால், இரண்டும் ஒன்றுபட எண்ணெய் வகையைத் தேர்ந்தார்கள். யன்னலடிக் கறுப்பு முழுதாகப் போகவில்லை. அந்தப் பலகைகளை மாற்றவா என்று கேட்டதற்கு, "கிடக்கட்டும்," என்றார் அம்மா.

இந்தத் தொழிலில் கூலி பெரும்பாலும் சதுர அடிக்கு. காத்திருக்கும் நாளுக்குச் சதுர அடி கிடையாது. பலகை ஈரமாக இருந்தாலும் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவதற்கே அந்தக் கணக்கு ஆளைத் தள்ளுகிறது. இந்த அண்ணை தன் விலைச்சீட்டில் ஈரம் பார்ப்பதற்கும் காத்திருப்பதற்கும் தனி வரி போடுகிறார். அதைப் பார்த்தே வேலையை வேறு ஆளிடம் கொடுத்தவர்களும் உண்டாம். அம்மா அந்த வரிக்குரிய காசைப் பேரம் பேசாமல் கொடுத்தார். கம்பள விரிப்புகளை எப்போது போடலாம் என்று மட்டும் கேட்டார். ஒரு மாதமாவது பொறுக்கச் சொல்லிவிட்டு, சூடாக்கியோடு ஓர் ஈரப்பதமூட்டியும் பூட்டச் சொன்னார் அண்ணை. பொடியள் இருவரும் அதற்குள் இயந்திரங்களை வாகனத்தில் ஏற்றிவிட்டிருந்தார்கள்.